கட்டிங் மாஸ்டர் வீட்டு ஃப்ரிட்ஜ் என்னுடையது

அனுப்புநர்:
பழைய வீட்டுச் சாமான் வியாபாரி,
பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் உதவித்தொகைப் பிரிவு.

பொருள்: கட்டிங் மாஸ்டரின் இரண்டு பிள்ளைகளுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. சென்ற வாரம் திங்கட்கிழமை தங்கள் கள ஆய்வாளர் கட்டிங் மாஸ்டரின் வீட்டுக்கு வந்தார். அங்கே ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு சோபாவும் ஒரு கண்ணாடி அலமாரியும் இருப்பதைப் பார்த்து, வசதியான குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். அதன்பேரில் பிள்ளைகள் இருவருக்கும் உதவி இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. அந்த மூன்று பொருளும் என்னுடையவை. அவை எப்படி அங்கே போயின என்பதைச் சொல்லவே இந்த மனு.

2. மாஸ்டர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். அவர் மனைவி அதே கம்பெனியில் தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்டினாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதால் இந்த மனுவில் அவளைத் தங்கச்சி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். வெளியூர் ஆர்டர்கள் நின்றன, கம்பெனியை மூடினார்கள், ஒரே நாளில் இரண்டு சம்பளமும் போயிற்று. மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் எல்லாரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். இளையவன் வாலு. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

3. ஒரு தெருவில் பணம் வற்றுவது வங்கிக்குத் தெரிவதற்கு முன்னால் என் கடைக்குத் தெரியும். முதலில் அலங்காரச் சாமான் வரும். பிறகு மிக்ஸி, அதன்பின் கட்டில். பிள்ளைகளின் சைக்கிள் வர ஆரம்பித்தால் சமையலறையில் ஒன்றும் இல்லை என்று பொருள். மேனேஜரின் சைக்கிளும் வந்தது. நான் வியாபாரி, பேரம் பேசித்தான் வாங்கினேன். மாஸ்டர் கடைசியாகத் தன் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினார். அதை மட்டும் வாங்கவில்லை. "கம்பெனி திறந்தா வெறுங்கையோட போவீங்களா? எடுத்து உள்ளே வைங்க மாஸ்டர்" என்றேன். "எப்பக்கா திறக்கும்?" என்று கேட்டார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

4. எல்லாரும் விற்க வந்தார்கள், வாங்க ஆள் இல்லை. கடையில் நான் உட்காரவே இடமில்லாமல் போயிற்று. இந்த நேரத்தில் என் தொழில்முறை ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் நிற்கும் பழைய பொருளை வாங்க வருகிறவர் திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அதே பொருள் ஒரு வீட்டில் துடைத்து வைத்திருந்தால், நல்லவர்கள் புழங்கியது என்று இரண்டு பங்கு கொடுப்பார். ஆகவே காலியாகிவிட்ட வீடுகளில் என் சரக்கைக் கொண்டுபோய் வைப்பேன். கேட்டால் எங்களுடையது என்று அவர்கள் சொல்ல வேண்டும். விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மாஸ்டர் வீட்டில் வைத்தது எதுவும் இன்றுவரை விற்கவில்லை, பங்கும் போகவில்லை.

5. அந்த ஃப்ரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. பழுது பார்க்கக் கழற்றி என் கடையில் வைத்திருக்கிறேன். விலை படிந்தால் மாட்டிக் கொடுப்பேன். அந்த வீட்டில் எலித் தொல்லை அதிகம். ஓட்டு இடுக்கில் மழையும் இறங்கும். ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்த அன்றே மேனேஜர் அதைக் கையகப்படுத்திவிட்டாள். மேல்தட்டில் அவள் பாடப்புத்தகங்கள், கீழ்த்தட்டில் இருவருடைய சீருடை, முட்டை வைக்கும் குழிகளில் தேய்ந்துபோன பென்சில்கள். காய்கறிப் பெட்டி வாலுவுக்கு. அவன் அதில் என்ன வைத்திருக்கிறான் என்று யாரும் பார்க்கக் கூடாது. ஒருநாள் அவன், "இதுல ஐஸ் எப்ப வரும்?" என்று கேட்க, "அப்பா கம்பெனி திறந்தா வரும்டா, போய்ப் படி" என்று அவள் அதட்டியதை நான் வாசலில் நின்று கேட்டேன். அதன்பிறகு அந்த ஃப்ரிட்ஜைப் பார்க்க ஆள் அனுப்ப எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே, அனுப்பினேன்.

6. அந்தத் திங்கட்கிழமை காலை தங்கச்சிக்குச் சொல்லியனுப்பினேன்: "ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர் சாமான் பார்க்க வருவார், நல்லா பேசு." அந்த வாடிக்கையாளர் வரவில்லை. தங்கள் ஆய்வாளர் வந்தார். அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார், சோபாவை அழுத்திப் பார்த்தார், இது உங்களுடையதா என்றார், எப்போது வாங்கியது என்றார். சாமான் வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விகள்தாம் அத்தனையும். தங்கச்சி சும்மா இருப்பாளா? பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி டீ போட்டுக் கொடுத்து, "எல்லாம் எங்களோடதுதான் சார். சோபா பாருங்க, உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது. ஃப்ரிட்ஜ் சத்தமே போடாது சார்!" என்று வெளுத்து வாங்கிவிட்டாள். மோட்டார் இல்லாத ஃப்ரிட்ஜ் எப்படிச் சத்தம் போடும்?

7. ஆய்வாளர் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே புத்தகங்கள் இருப்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு, "வேண்டாம் சார், உள்ள நிறைய இருக்கு, திறந்தா சரியும்" என்றாள். ஃப்ரிட்ஜ் கொள்ளாத அளவுக்கு உணவு இருப்பதாகக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வாளரை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவள் பேச்சைக் கேட்டு அவர் அந்தச் சோபாவுக்கு விலை கேட்காமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

8. கடிதம் வந்த பிறகுதான் வந்தவர் யார் என்று அவளுக்குப் புரிந்தது. நேரில் போய்ச் சொல் என்றேன். "எல்லாம் எங்களோடதுன்னு என் வாயாலயே சொல்லிட்டேனேக்கா, இப்ப இல்லைன்னா பொய்க்காரின்னு நினைக்க மாட்டாங்களா?" என்று அழுதாள். என் சரக்குக்காக அவள் சொன்னதை நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

9. இப்போது அவசரம் என்னவென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை மேனேஜரை வெளியூரிலிருக்கும் அவள் பெரியம்மா வந்து கூட்டிப்போகிறார். ஒரு வாய் குறைந்தால் வாலுவுக்காவது வயிறு நிறையும் என்பது பெற்றவர்களின் கணக்கு. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அங்கே போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் படிப்பு. நேற்று நான் போனபோது மேல்தட்டைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே இது உனக்குடா, எலி வராம கதவைச் சாத்தணும், தெரியுதா?" என்று தம்பிக்குப் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தத் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

10. நீயே கொடுத்து உதவலாமே என்று தாங்கள் நினைக்கலாம். என் வீட்டிலிருந்து சோறு போகிறது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெரு முழுக்கச் சாமான் வாங்கிப்போட்டு என் முதல் எல்லாம் மரமும் இரும்புமாகக் கடையில் முடங்கிக் கிடக்கிறது. நான் கொடுத்தால் கைமாற்று. தாங்கள் கொடுத்தால் அது பிள்ளைகளின் உரிமை. மாஸ்டர் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்வார்.

11. ஆகவே அய்யா அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆய்வாளரை மறுபடியும் அனுப்பிவைக்க வேண்டும். அவர் வருவதாகத் தகவல் வந்தாலே பயணத்தைத் தள்ளிவைப்பதாகத் தங்கச்சி ஒத்துக்கொண்டிருக்கிறாள். சோபாவையும் அலமாரியையும் இன்று காலை என் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஃப்ரிட்ஜை மட்டும் எடுக்க முடியவில்லை. அது யாருடையது என்ற கேள்வி மறுபடியும் எழக் கூடாது என்பதற்காக முறைப்படி விற்றுவிட்டேன், சீட்டு இணைத்திருக்கிறேன். மோட்டார் இல்லாத ஃப்ரிட்ஜைப் புத்தக அலமாரிக் கணக்கில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இந்தமுறை கதவைத் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். காய்கறிப் பெட்டிக்கு மட்டும் வாலுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இடம்: என் கடை
நாள்: வியாழக்கிழமை

தங்கள் பதிலுக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கும்,
(கையொப்பம்)
பழைய வீட்டுச் சாமான் வியாபாரி

இணைப்பு: விற்பனைச் சீட்டு

விற்றவர்: கடை அத்தை (பிள்ளைகள் என்னைக் கூப்பிடும் பெயர்).
வாங்கியவர்: மேனேஜர்.
பொருள்: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று, மோட்டார் நீங்கலாக.
நிபந்தனை: கம்பெனி திறந்து மோட்டார் மாட்டும்வரை வாங்கியவர் பொருள் இருக்கும் வீட்டிலேயே குடியிருந்து, இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அதைப் பாதுகாக்க வேண்டும். வாங்கியவர் இதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.
விலை: மோட்டார் மாட்டிய அன்று எடுக்கும் முதல் தட்டு ஐஸ் முழுவதும் விற்றவருக்கு. பிறகு வாலு குறுக்கே வந்து பேரம் பேசியதில், பாதித் தட்டு என்று விலை படிந்தது.