கழுத்தளவு இருபத்துநான்கு

பிப்ரவரி 3, செவ்வாய்

நாத்தனார் தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "என்கிட்ட சும்மாதான் கிடக்கு அண்ணி. நீங்க வீட்டுலதானே இருக்கீங்க, பொழுது போகும்."

நான்கு வயதுப் பையனும் ஏழு மாதப் பெண் குழந்தையும் இருக்கும் வீட்டில் பொழுது போகாமல் மூட்டை மூட்டையாகக் கிடப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் ஒரு கருத்து வேண்டும்.

மேசையில் முக்கால்வாசி இப்போது மெஷினுக்கு. மீதியில் சாப்பிடுகிறோம்.

பிப்ரவரி 4, புதன்

மெஷினோடு வந்த கையேட்டைப் படித்தேன். பிரசவத்துக்கு முன்பு வரை மிக்சிக்கும் தண்ணீர் பம்புக்கும் கையேடு எழுதுவதுதான் என் வேலை. பக்கம் ஏழில் 'ஊசியில் நூலைக் கோக்கவும்' என்கிறார்கள். ஊசியை மெஷினில் பொருத்துவது பக்கம் பத்தொன்பதில் வருகிறது. எழுதியவருக்கும் மெஷினுக்கும் அறிமுகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

நூல் கோத்தாயிற்று. நாற்பது நிமிடம். மந்திரி பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஆகலையா?" என்று பதினொரு முறை விசாரித்தார். (பையனுக்கு வீட்டில் அதுதான் பெயர். வேலை எதுவும் செய்யமாட்டான், எல்லாவற்றையும் பார்வையிடுவான்.)

பிப்ரவரி 9, திங்கள்

பழைய படுக்கை விரிப்பில் நேர்கோடு தைத்துப் பழகினேன். கோடு நேராகவே வந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முடித்து இழுத்துப் பார்த்தால் நூல் முழுவதும் கையோடு வந்துவிட்டது. அடிநூல் எப்போதோ தீர்ந்திருக்கிறது. மெஷினும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருமாக முக்கால் மீட்டர் தூரம் மும்முரமாக வேலை பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரி 12, வியாழன்

குழந்தைக்குத் தடுப்பூசி. நர்ஸ் கையில் ஒரு படிவம். குழந்தையின் எடை, நீளம், தாயின் மனநிலை.

"நீங்க நல்லா இருக்கீங்கல்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் 'நன்று' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். நானும், "நல்லா இருக்கேன்" என்றேன். படிவத்தைப் பொய்யாக்குவானேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

இதை எங்கேயாவது ஒருமுறை எழுதிவிட வேண்டும். குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெறுப்பு இல்லை. வருத்தமும் இல்லை. யாரோ பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கிறது. பொருளுக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், சுத்தமான துணி. மந்திரி பிறந்தபோது இப்படி இல்லை. அது நினைவிருப்பதுதான் தொந்தரவு.

யாரிடமாவது சொன்னால்? என்னவென்று சொல்வது? 'ஒன்றுமில்லை' என்பதுதானே புகாரே.

பிப்ரவரி 17, செவ்வாய்

இவரிடம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"தூக்கம் பத்தலை. நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். நான் போய்ப் படுத்தேன். கூரையில் மின்விசிறியைச் சுற்றி நான்கு திருகுகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் வேறு நிறம்.

பிப்ரவரி 20, வெள்ளி

தலையணை உறை இரண்டு. ஒன்றில் தலையணை நுழைகிறது.

பிப்ரவரி 23, திங்கள்

நாத்தனார் போனில், "தலையணைக்கே தைச்சிட்டு இருந்தா எப்படி அண்ணி? அது குறை சொல்லாதுன்னுதானே? பாப்பாவுக்கு ஒரு கவுன் தைங்க பார்ப்போம்" என்றாள்.

குழந்தையைக் கட்டிலில் படுக்கவைத்து அளவெடுத்தேன். மார்பு நாற்பத்துமூன்று சென்டிமீட்டர். தோளிலிருந்து முழங்கால் முப்பத்தைந்து. கழுத்து இருபத்துநான்கு. நாடாவின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. ஏழு மாதமாகத் தினமும் குளிப்பாட்டும் உடம்பு, எல்லா எண்ணும் எனக்குப் புதிதாக இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மஞ்சள் பருத்தித் துணி. வெட்டினேன். மந்திரி கத்தரிக்கோலைப் பார்வையிட அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, வெளிநடப்பு செய்தார்.

மார்ச் 2, திங்கள்

கவுன் முடிந்தது. ஓரமெல்லாம் மடித்து, கழுத்தைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு, இஸ்திரி போட்டுப் பார்த்தபோது கடையில் வாங்கியது போலவே இருந்தது.

கழுத்தை அளந்து, கழுத்துக்குச் சரியாக வெட்டியிருந்தேன். இருபத்துநான்கு. கழுத்துக்குப் போவதற்கு முன் துணி தலையைத் தாண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. முப்பத்து மூன்று வருடமாக நானும் தலை வழியாகத்தான் உடுத்துகிறேன்.

போட்டுவிட்டேன். உச்சந்தலையில் மாட்டிக்கொண்டது. முகம், கை எல்லாம் துணிக்குள்ளே. கீழே இரண்டு கால்கள் மட்டும். குழந்தை சத்தம் போடவில்லை. நான் கழுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இழுத்தால் பிரியுமா, ஒரு சென்டிமீட்டர் விடலாமா, துணி மிச்சம் இருக்கிறதா.

"அம்மா, பாப்பாவைக் காணோம்" என்றான் மந்திரி. பிறகு, "எடும்மா" என்றான். பிறகு அவனே கட்டிலில் ஏறி இழுத்துவிட்டான். முகம் வெளியே வந்ததும் குழந்தை அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

எவ்வளவு நேரம் நின்றேன்? அரை நிமிஷமா? ரெண்டு நிமிஷமா? தெரியல. புள்ளை உள்ளே கிடக்கு — நான் தையலைப் பாத்துட்டு நிக்கறேன். மூச்சு வருதான்னு பாக்கணும்னுகூடத் தோணல. அதுக்கப்புறமாவது பயம் வரணும்ல? அதுவும் வரல. நாலு வயசுப் பையன் எடுத்துவிட்டான். அவன் இல்லைன்னா —

மார்ச் 3, செவ்வாய்

சமைத்தேன். குளிப்பாட்டினேன். மெஷினைத் தொடவில்லை.

மார்ச் 4, புதன்

நாத்தனார் கவுனைப் பார்க்க வந்தாள். கையில் எடுத்ததும் சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "அண்ணி, இது தலையில்லாத புள்ளைக்குத் தைச்சதா?"

நான் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். கால்களை, தையலை, மந்திரியை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையேடு மாதிரி வரிசையாகச் சொன்னேன். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கீங்க?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து."

"எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தூக்கம் பத்தலைன்னு நினைக்கிறார்."

"அவன் எதைத்தான் ஒழுங்கா கண்டுபிடிச்சான்." உடனே போனை எடுத்தாள். தைரியமா இருங்க, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தேன். ஒரு டாக்டரிடம் திங்கட்கிழமை நேரம் வாங்கினாள். அதுவரை பகலில் இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். என் அனுமதி கேட்கப்படவில்லை.

மார்ச் 9, திங்கள்

டாக்டர் என்னைவிட இளையவர். படிவம் எதுவும் கையில் இல்லை.

"அழுகை வருதா?"

"வந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். பிரசவத்துக்குப் பின் இப்படி வருவதுண்டு என்றார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், மாத்திரையும் இருக்கிறதாம். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். இவர் வெளியே இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு அவருக்கும் சொன்னார்கள். வீடு வந்தோம். வாசலில் சாவியைத் தேடியபடி, "நான்தான் உன்னைப் போய்ப் படுக்கச் சொன்னேன்" என்றார்.

மார்ச் 18, புதன்

மாத்திரையால் வாய் உலர்கிறது. வேறு மாற்றமில்லை.

மார்ச் 27, வெள்ளி

மந்திரிக்குக் கால்சட்டை வெட்டினேன். இரண்டும் இடது கால். விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. ஒரு கால்சட்டைக்கு இவ்வளவு அழவேண்டியதில்லை. ஆனாலும் கால் மணி நேரம் அழுதேன். மந்திரி வந்து பார்வையிட்டு, "எனக்கு இது பிடிச்சிருக்கும்மா" என்றான். முதன்முறையாகப் பொய் சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 2, வியாழன்

மாத்திரை. டாக்டர். தையல் இல்லை. சாதாரண நாள்.

ஏப்ரல் 8, புதன்

மதியம் வீட்டில் சத்தமே இல்லை. மந்திரி பள்ளியில். இவர் இப்போது வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், உள்ளறையில் இருந்தார். பாப்பா தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரமாவது தூங்குவாள். நான் போய்த் தட்டி எழுப்பினேன்.

அழுகை கேட்டு இவர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. நான்தான் எழுப்பினேன்."

"தூங்கற புள்ளையையா? எதுக்கு?"

"பார்க்கணும் போல இருந்துச்சு."