யாரும் கேட்காத நடவு மிஷின்

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. காலாண்டு விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி. வாங்க வேண்டியது: சிவப்புப் பேனா, கொசுவத்தி, தயிர்.

மாலை 4.30. பதிப்பாளர் போன். என் நாவலைப் படித்துவிட்டாராம். "நல்லாயிருக்கு மேடம். ஆனா அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் தனியாவே நிக்கிறா. ஒரு மாமாவோ, ஒரு அதிகாரியோ வந்து தீத்து வெச்சா நல்லது. புள்ளைங்களுக்குப் புக்கு வாங்கிக் குடுக்குறது அப்பா அம்மாதானே?"

பதினாறு வயதுத் தேன்மொழி. அப்பா படுக்கையில். மேல்வயல்காரன் வாய்க்காலை அடைத்துவிடுகிறான். அவளே போய், அவளே பேசி, அவளே தண்ணீர் கொண்டுவருகிறாள். கதையே அதுதான். கஷ்டத்தை அடுத்தவர் தூக்கிக்கொண்டால் பிள்ளை எங்கே வளர்வது? இளையோர் நாவல் என்று பெயர், உள்ளே முழுக்கப் பெரியவர்களின் பெருமை. சே. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மகள் கயல் கேட்டுச் சிரித்தாள். டிகிரி முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிறாள். அவள் அப்பா குவைத்தில். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்துக்கும் இந்த வருஷம் அவள்தான். "இந்தச் சம்பா என் பொறுப்பும்மா. நீ வயப்பக்கமே வராதே." சரி என்றேன். உள்ளுக்குள் பெருமைதான்.

24, புதன்

வெயில். நாளை நாற்றுப் பறி, வெள்ளி நடவு. பறிக்கு வேறு ஆட்கள்; நடவுக்குப் பாக்கியம் அக்காவும் அவர் கூட்டிவரும் பதினைந்து பெண்களும். கயல் பேசி முடித்துவிட்டாள்.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர்: "எங்க ஊர்ல ஆளு வராம, பறிச்ச நாத்து கத்தை கத்தையா மஞ்சளாப் போச்சு." அதற்கப்புறம் ஒரு தாளும் திருத்த ஓடவில்லை.

இடைவேளையில் நடவு மிஷின்காரருக்குப் போன் போட்டேன். வெள்ளி காலை எட்டு மணிக்கு. கயலுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். அப்புறம் ஒரு மரியாதைக்கு என்று பாக்கியம் அக்காவுக்கும்: "வேற வேலை இருந்தா சங்கடப்படாதீங்கக்கா. மிஷினும் சொல்லி வெச்சிருக்கேன்." அவர் சொன்னது ஒன்றுதான்: "சரிங்க டீச்சர்."

நிம்மதியாகத் தூங்கலாம்.

26, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

எட்டு மணிக்கு மிஷின் வந்தது. பெண்கள் வரவில்லை. வரப்பில் நேற்று பறியாட்கள் கட்டி வைத்த நாற்றுக் கத்தைகள். மிஷின்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பாய் நாத்து எங்கம்மா?" என்றார். தட்டில் வளர்த்து, பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாற்றுதான் மிஷினுக்கு ஆகுமாம். வயலில் விதைத்துப் பறித்துக் கத்தை கட்டியது ஓடாதாம். "இதுகூடத் தெரியாமயா கூப்பிட்டீங்க?" டெல்டாவில் பிறந்து நாற்பத்தாறு வருஷம். தெரியாது எனக்கு.

கயல் கத்தவில்லை. "அக்காவுக்கும் போன் பண்ணியாம்மா?"

"உனக்கு உதவியா இருக்கட்டும்னு..."

"மிஷின் வருதுன்னா அவங்க வருவாங்களா? அவங்க வேலைக்கு மிஷினைக் கூப்பிட்டுட்டு, அவங்ககிட்டயே சொல்லியிருக்கே."

நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். "நீ பேசினதுதாம்மா இது" என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். வெயில் ஏறஏற நாற்று நுனி சுருண்டது. பதிப்பாளர் கேட்ட மாமா வேறு யாருமில்லை, நான்தான்.

பதினொன்றுக்கு வந்தார்கள். பதினைந்தில் ஏழு பேர். மற்றவர்கள் வேறு வயலுக்குப் போய்விட்டார்களாம். பாக்கியம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே, "டீச்சர், ஒங்க பொண்ணு வந்து தப்பு எங்க வீட்டுதுன்னுச்சு. ஒங்க பேரை எடுக்கவே இல்ல. அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

மூணு மா நடவுதான் முடிந்தது. மீதிக் கத்தைகளைக் கயல் வாய்க்கால் தண்ணீரில் அடுக்கி வைத்தாள். என்னைத் தொடவிடவில்லை.

27, சனி

மழை. நடவு இல்லை. நாற்று இன்னும் தண்ணீரில்தான். தயிர் புளித்துவிட்டது.

கயல் நாவலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஒரே மூச்சில். சாயங்காலம் தாள்களை மேஜையில் வைத்து, "தேன்மொழி எங்கம்மா தனியா நிக்கிறா?" என்றாள்.

"ஏன்?"

"அத்தியாயம் நாலுல பஸ் கண்டக்டர் வழி சொல்றாரு. ஏழுல டீச்சர் மனு எழுதித் தர்றாங்க. ஒம்பதுல தண்ணி தெறந்து விடுற லஸ்கரு தானா வந்து வாய்க்கா மதகு ஷட்டரைத் தூக்கி விடுறாரு. இவ எதுக்கு இருக்கா? கண்ணைத் தொடச்சிக்கிறதுக்கா?" அப்புறம்: "அந்த டீச்சர் நீதானே?"

தாள்களை இழுத்து நானே புரட்டினேன். ஒவ்வொரு முறை அவள் சேற்றில் கால் வைக்கும்போதும் யாரோ ஒருவரை உதவிக்கு ஓடவிட்டிருக்கிறேன். அந்த டீச்சர் பேசுகிற இடங்கள் அசிங்கம். இனிப்பு, இனிப்பு, பல்லைக் கூசவைக்கும் இனிப்பு. இதை வைத்துக்கொண்டா பதிப்பாளரிடம் அவ்வளவு வீறாப்பு பேசினேன்.

28, ஞாயிறு

கா. 5.40. மழை விட்டிருக்கிறது. மேகம் இருக்கிறது.

நாவலிலிருந்து டீச்சரை அடித்துவிட்டேன். கண்டக்டரையும், லஸ்கரையும். அத். 9-இல் தேன்மொழி மூடிய ஷட்டர் முன்னால் நிற்கிறாள். பக்கத்தில் யாருமில்லை. என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மிச்ச மூணு மா. ஆறு மணிக்கு வயலில் நிற்பதாகப் பாக்கியம் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாளாம் கயல். வாசலில் ஸ்கூட்டியை உதைக்கிற சத்தம். ராத்திரி முழுக்க நனைந்த வண்டி. கிளம்பவில்லை. எதிர்வீட்டுத் தம்பியிடம் பைக் இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய் வரை வந்துவிட்டது.

ஆறாவது உதை. ஏழாவது.

பேனாவை இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

எட்டு.