இருபது நாள் அடிபடாமல்

மார்ச் 3, செவ்வாய்

முகவாயில் நான்கு தையல். மருந்து போட்ட நர்ஸம்மா கேட்டார்:

"எங்க விழுந்தீங்க?"

"பார்க்குல. சறுக்குமரத்துல நின்னுக்கிட்டே இறங்கினப்போ."

"நின்னுக்கிட்டா? பிள்ளைகளைப் பாத்துக்க வேண்டாமா சார்?"

"பிள்ளை ஒழுங்கா உக்காந்துதான் இறங்குச்சு. விழுந்தது நான்."

அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

கிடங்கில் எனக்குப் பெயர் 'நிதானம்'. பதினோரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்கியதில்லை. சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும்போது மூளையும் அதோடு சேர்ந்து ஆணியில் தொங்கிவிடுகிறது போல.

மார்ச் 4, புதன்

குட்டியின் பள்ளியிலிருந்து படிவம். மலையில் மூன்று நாள் முகாம். அவள் வகுப்பில் எல்லாரும் போகிறார்களாம். வீட்டுக்காரி படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"வேணாம்."

"ஏம்மா?"

"நீ உங்கப்பா பொண்ணு. மலையில விளிம்புன்னு ஒண்ணு இருக்கும். அதுல நின்னு எட்டிப் பாப்ப."

குட்டி அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, "அப்பாவே இருபது நாள் அடிபடாம இருந்தா?" என்றாள்.

வீட்டுக்காரி சிரித்தாள், சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள். "இருந்தா கண்டிப்பா கையெழுத்துப் போடறேன்." ஒரு பைசா நஷ்டமில்லாத வாக்குறுதி என்று அவளுக்குத் தெரியும்.

இன்று முதல் நாள்.

மார்ச் 5, வியாழன்

பஸ் நிறுத்தம் வரை குட்டி கூடவே வருகிறாள், பன்னிரண்டு வயதுப் போலீஸ். "போனை உள்ள வை." "ஆடுற கல்லுல கால் வைக்காத." "பஸ் நின்னப்புறம் ஏறு, அது எங்கயும் ஓடாது." ஓடும், அதுதான் அதன் வேலை என்றேன். முறைத்தாள்.

சாலையின் தடுப்பில் ஆள் நுழையும் ஓட்டை ஒன்று இருக்கிறது. ஊரே அதில் நுழைகிறது. நான் மட்டும் கோடு போட்ட இடம்வரை நடந்தேன். பஸ் போய்விட்டது. காலும் கையும் இருந்தன.

மார்ச் 8, ஞாயிறு

கடிக்குமா என்று நாயிடமே கேட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. எதிர்வீட்டுக்காரர் இன்றும், "தடவிக் குடுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். அது அவருடைய ஆசை, நாயின் வாக்குமூலம் இல்லையே! தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

தெருமுனையில் புது சிமெண்ட் போட்டு, கயிறு கட்டி, கல் வைத்திருந்தார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழி — சரி, ஒரே வழி இல்லை. கொத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கேட்டிருக்கலாம். கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை.

வீட்டில் விசாரணை.

"அடிபடலையே! செருப்புதானே போச்சு?" — குட்டி, என் வக்கீல்.

"செருப்புக்குள்ள கால் இருந்துச்சா இல்லையா?" — வீட்டுக்காரி.

காலைக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்து, விடுதலை செய்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

இடி, மின்னல். கிடங்கு மைதானத்தில் ஒற்றை மரம். அதன் அடியில் நின்று வாட்ச்மேன், "வாங்க, நனையாம நில்லுங்க" என்று கூப்பிட்டார். "அண்ணே, சுத்துவட்டாரத்துலேயே உயரமா நிக்கிறது அது ஒண்ணுதான். மின்னல் வேற யாரைத் தேடும்?" என்றேன். அவர் மேலே பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் கொட்டகைக்கு ஓடினோம். முழுக்க நனைந்தோம்.

தும்மல் அடிபட்ட கணக்கில் சேராது என்று வீட்டில் தீர்ப்பு.

மார்ச் 18, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

பத்தொன்பதாம் நாள். பாவி.

முடிவெட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டுச் சாவி என்னிடம் உண்டு, ஆனால் கேட் பூட்டியிருந்தது. பத்து நிமிடம் நின்றால் வந்துவிடுவார்கள். நிற்கலாம்தானே? நின்றேனா? குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, காம்பவுண்ட் சுவரில் கால் போட்டேன். தொட்டி ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் விழுந்தேன். முட்டி வீங்கிவிட்டது, கணுக்கால் வரை சிராய்ப்பு.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கேட்டில் பூட்டே இல்லை. தாழ்ப்பாள்தான்.

யாரும் பார்க்கவில்லை. முழு பேண்ட் போட்டுக்கொண்டேன். ஏன் நொண்டுறீங்க என்றதற்கு ஷூ கடிக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குள், ஷூ.

மார்ச் 23, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டாள். குட்டி குதித்த குதியில் என் முட்டியிலேயே வந்து மோதினாள். கத்தாமல் சிரித்தேன். பெரிய நடிகன்தான்.

சோறு இறங்கவில்லை. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து. அதை நம்பி மலைக்குப் போய், அங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? அவ சொன்ன மாதிரியே என்னோட புத்தி அதுக்கும் இருந்தா? யார்கிட்ட போய் நிப்பேன்?

சொன்னால் முகாம் போய்விடும். சொல்லாவிட்டால் என் தூக்கம்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் குட்டி குளிக்கும்போது, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள். "ரத்தம் பட்ட சாக்ஸை யாரு துவைச்சதுன்னு நெனச்சீங்க?"

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

ஒரு சட்டையை உதறினாள், முகத்தில் தண்ணீர் தெறித்தது. "ஞாயித்துக்கிழமை கடைக்குப் போற வழியில பள்ளம் தோண்டி, மேல ஒத்தப் பலகை போட்டிருந்தாங்க. நான் பாட்டுக்கு ஏறப் போனேன். இவ என் கையைப் பிடிச்சு இழுத்து, 'சுத்திப் போலாம்மா, ரெண்டு நிமிஷந்தான்'ங்கறா. உங்க பொண்ணும் இல்ல, என் பொண்ணும் இல்ல. யாரோ விவரமான வீட்டுப் பிள்ளை."

"படிவத்தைக் கொடுத்துடலாமா?"

"முதல்ல முட்டியக் காட்டுங்க."

மார்ச் 27, வெள்ளி

விடிந்ததும் பள்ளி வாசலில் பஸ். குட்டி ஜன்னல் ஓரம். கையை வெளியே நீட்டாமல் உள்ளேயிருந்தே ஆட்டினாள். பஸ் கிளம்பியது.

அப்போதுதான் வீட்டுக்காரி தன் கையில் ஸ்வெட்டரைப் பார்த்தாள். "ஐயோ!" என்று ஓடினாள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. எதையும் பார்க்காமல், பஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள். டிரைவர் நிறுத்தினார், ஸ்வெட்டர் ஜன்னல் வழியே ஏறியது. திரும்பி ஜம்பமாக நடந்து வந்தவள், நடைபாதை விளிம்பில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலில் எலுமிச்சை அளவு வீக்கம்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

"அவ வந்ததும் சொல்லிடாதீங்க," என்றாள்.

"எதை?"

ஆட்டோ கிடைக்கவில்லை. அவளுக்கு இடது கால், எனக்கு வலது. தோளில் கைபோட்டு, ஆடாத கல்லாகப் பார்த்து மிதித்து, வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் பள்ளத்துப் பலகை வந்தது. இரண்டு பேரும் சுற்றிப் போனோம்.