தவசு காலத்தில் ஆட்டுக்கால் சூப்

ஆவூர், 1957
மார்ச் 20, புதன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. இலுப்பூர் டாக்டர் வந்து போனார். என் வீட்டுக்காரருக்கு நிமோனியா காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆனால் உடம்பில் ஒன்றுமில்லை. "ஆட்டுக்கால் சூப் குடுங்க, முட்டை குடுங்க. திரும்பப் படுத்தா என்னால தூக்க முடியாது."

வாங்க: முட்டை, மிளகு, விளக்குத் திரி.

ஈஸ்டர் வரைக்கும் கறி விலக்குகிற நோன்பு. சூப் என்றதும் இவர் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தவசு காலத்துல கவிச்சியா? பாவத்துக்குத்தான் சர்வேசுரன் படுக்க வச்சிருக்காரு. பட்டுத் தீக்கிறேன்." என்ன பாவம்? கேட்டால் தெரியாது. எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற மனுசன்.

21, வியாழன்

கஞ்சி மட்டும், அதுவும் ரெண்டு வாய். எழுந்து நிற்கப்போய் அப்படியே சரிந்தார். போய்விடுவாரோ என்று பயம். கையில் செபமாலை, மனசெல்லாம் சர்வேசுரனோடு சண்டை. கூப்பிட்டால் ஏன் வரமாட்டேன் என்கிறார்?

22, வெள்ளி

கேட்காமலே பக்கத்து வீட்டுச் செல்லம்மா சூப் வைத்துக் கொண்டுவந்தாள். முருகனைக் கும்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை அவளும் கவிச்சி தொடமாட்டாள். "சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன், நீங்க குடிங்கண்ணே."

இவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். கோயிலில் சிலுவைப்பாதைப் பாட்டு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கத்திவிட்டேன். "ஆண்டவரே சிலுவையோட விழுந்தப்ப ஒருத்தர் தோள் குடுத்தாரு. வேண்டாம்னு தள்ளுனாரா? ஒங்களுக்கு அவரவிட வைராக்கியமோ?"

இவர் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, "ஆறிருச்சா?"

சுட வைத்துக் கொடுத்தேன். முழுசும் குடித்தார். அடுப்படியில் போய் அழுதேன்.

23, சனி

கோயில் சாமியாரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "நோயாளிக்கு எந்தக் காலத்துலம்மா கவிச்சி விலக்குற சுத்தபோசனம் இருந்துச்சு?" அதைக் கேட்டுவரத் தோன்றாத மண்டுகள் நாங்கள்.

அவரைத் திட்டிய வாய் என்னையும் திட்டவேண்டும். ஆண்டவர் வரவில்லை என்று கோபித்த நாளெல்லாம் டாக்டர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார், செல்லம்மா எங்கள் மாட்டையும் கறந்து வைத்தாள். வேறு எப்படி வருவார் என்று நினைத்தேனோ. கஷ்டம் ஏன் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தனியாகப் படவில்லை என்று மட்டும் தெரிகிறது.

25, திங்கள்

வானம் மந்தாரம். தானே நடந்து வாசல்வரை போனார். மத்தியானம் குழம்பில் உப்பில்லை என்று திட்டு, பழைய குரலில். முடிக்கும்வரை கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.