நமுட்டுச் சிரிப்பு

நன்னிலம்
16.6.1989

அன்புத் தங்கை மலர்கொடிக்கு அண்ணன் பஞ்சநாதன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மேட்டூரைத் திறந்துவிட்டார்களாம், நம் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை.

நேராகவே கேட்கிறேன். தாலுகா ஆபீஸில் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பும்போது மிராசுதாரரின் ஏஜெண்டு வேம்புவைப் பார்த்து ஏன் சிரித்தாய்? அதுவும் நமுட்டுச் சிரிப்பு. "உங்க தங்கச்சிய அவங்க வளைச்சுப் போட்டுட்டாங்க" என்கிறாள் உன் அண்ணி.

அப்பா சாகுபடி செய்த ஆறு மா நிலத்தை நம் பெயரில் குத்தகைப் பதிவு செய்ய உன் சாட்சியம்தான் ஆதாரம். அடுத்த வாய்தாவில் அவர்கள் வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணை செய்வார். அப்போது பேச்சை மாற்றிவிடுவாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மூக்கும் ஒரு தினுசாக இருந்தது. எதை மறைக்கிறாய்?

அண்ணன்,
பஞ்சநாதன்


சென்னை
22.6.1989

அன்புள்ள அண்ணனுக்கு மலர்கொடி வணக்கம்.

மறைத்தது உண்மைதான். மார்ச்சில் ஆபரேஷன் செய்து மூக்கைச் சின்னதாக்கிக்கொண்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் ஆசைதான். சொன்னால் அண்ணி ஊரைக் கூட்டிவிடுவார்கள் என்று பயம். மூக்குக்கு அடியில் தையல் போட்டதில் மேலுதடு இறுகிவிட்டது, பல் தெரியச் சிரிக்க வரவில்லை. இளக ஒரு வருஷம் ஆகலாம் என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே, "டீச்சர், கோவமா?" என்று கேட்கிறார்கள்.

வேம்புவைப் பார்த்து நான் சிரிக்கவே இல்லை. அவருக்குப் பின்னால் நீங்கள் நின்றீர்கள். தோள் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். பயப்பட வேண்டாம் என்று உங்களைப் பார்த்துத்தான் சிரித்தேன் அண்ணே.

உங்கள் தங்கை,
மலர்கொடி


நன்னிலம்
1.7.1989

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆபரேஷன் செய்ததற்கு டாக்டர் சீட்டு ஏதாவது இருந்தால் வாய்தாவுக்கு முன்னால் அனுப்பிவை. எனக்காக இல்லை, அண்ணி கேட்கிறாள்.

பஞ்சநாதன்


சென்னை
8.7.1989

அண்ணனுக்கு,

டாக்டர் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். தேதி, முத்திரை எல்லாம் இருக்கின்றன. அண்ணிக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு நீங்களும் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

வாய்தாவுக்குக் கட்டாயம் வருவேன். ஒவ்வொரு அறுப்புக்கும் அப்பா குத்தகை நெல்லை மிராசுதாரர் களத்தில் அளந்து கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எத்தனை வக்கீல் கேட்டாலும் அதையே சொல்வேன். நிலம் உங்கள் பெயருக்கு வர வேண்டும்.

சொல்லி முடித்ததும் அங்கிருந்தே பஸ் ஏறிவிடுவேன். எனக்காக வீட்டில் உலை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மலர்கொடி
மனுதாரர் தரப்புச் சாட்சி