வெறும் புதன்கிழமை

பாஸ்டன்,
நவம்பர் 30, 1850

அன்புள்ள அப்பாவுக்கு,

கெசியா எழுதுவது. லூசியஸ், ரூத், நான், மூன்று பேரும் சுகம். ரூத்துக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. மூன்று வயதில் அதுவும் சுகத்தில் சேர்த்திதான். உங்கள் இடுப்பு வலி தேவலையா? அம்மா அனுப்பிய உலர்ந்த ஆப்பிள் வந்து சேர்ந்தது. நன்றித் திருநாளுக்கு அதைத்தான் பணியாரமாகச் செய்தேன். அம்மா கைப்பக்குவம் வரவில்லை, ஆனாலும் தட்டில் மிச்சமில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. ரூத் பிறந்தபோது அம்மா வந்து போனார்கள். நீங்கள் இன்னும் என் வீட்டுப் படி ஏறவில்லை. "யூனிடேரியன் போதகரைக் கட்டிக்கிட்டவ வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அன்று சொன்னீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டீர்கள். போதும் அப்பா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு சின்ன ஊசியிலை மரத்தைக் கூடத்தில் நிறுத்தி மெழுகுவத்தி ஏற்றப் போகிறோம். ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்த வழக்கம், இப்போது எங்கள் சபையில் பாதி வீடுகளில் உண்டு.

உங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது, அன்று உங்களுக்குப் பன்றி அடிக்கிற வேலை இருக்கும், தெரியும். சின்ன வயதில், "ஏம்ப்பா இன்னைக்கே அடிக்கணும்?" என்று கேட்டேன். "இது சாதாரண நாள்னு உனக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்" என்றீர்கள். ஒரு வருஷமாவது 24ஆம் தேதியோ 26ஆம் தேதியோ அடித்திருக்கிறீர்களா? இவ்வளவு நியமமாக 25ஆம் தேதியை அனுசரிக்கிற ஆளை நான் பாஸ்டன் முழுக்கத் தேடியும் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இயேசுவைக் கடவுள் என்று சொல்கிற நீங்கள் அவர் பிறந்தநாளில் கத்தி தீட்டுகிறீர்கள். கடவுள் ஒருவரே, இயேசு நம்மைப் போல ஒரு மனிதர் என்று சொல்கிற யூனிடேரியன்கள் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். இதைச் சொன்னபோது லூசியஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வருவீர்கள்தானே?

உங்கள் அன்பு மகள்,
கெசியா

•

டன்வெல்,
டிசம்பர் 6, 1850

அன்பு மகள் கெசியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். இடுப்பு வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. குழந்தை மூக்குக்கு வெங்காயச் சாறு கொடுக்கச் சொல்கிறாள் உன் அம்மா.

நான் வருவதற்கில்லை. டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு. நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வருஷம் அந்த நாளில் மரம் வெட்டினார்கள். நீங்கள் அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கேற்றுகிறீர்கள். அடுத்து அதற்கு மாலை போடுவீர்கள்.

உன் வேடிக்கைக்கும் பதில் உண்டு. மனிதனுக்குத்தான் பிறந்தநாள். ஆதியும் அந்தமும் இல்லாதவருக்குப் பிறந்தநாள் கொண்டாடினால் அவருக்கு எத்தனை வயது என்று யாராவது கேட்பார்கள். ஆகவே நீங்கள் மெழுகுவத்தி ஏற்றுவது உங்கள் தப்பான கொள்கைக்குப் பொருத்தம்தான். நான் பன்றி அடிப்பது என் சரியான கொள்கைக்குப் பொருத்தம். உன் போதகரிடம் சொல், சிரிக்கிறாரா பார்ப்போம்.

இதை எழுதும்போது உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வர முடியாதுன்னு ரெண்டு வரி எழுதறதை விட்டுட்டு என்ன பிரசங்கம் பண்றீங்க?" என்கிறாள். அவளுக்கு மரத்தைப் பார்க்க ஆசை. என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் பெருமூச்சு மட்டும் விடுகிறாள்.

இப்படிக்கு,
எஃப்ராயீம் லாத்ரப்
டீக்கன், டன்வெல் சபை

•

பாஸ்டன்,
டிசம்பர் 14, 1850

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லூசியஸ் இரண்டு முறை படித்தார். "உங்கப்பா எங்க பக்கம் இருந்திருந்தா எங்க எல்லாரையும் வாயடைச்சிருப்பார்" என்றார். சிரிக்கவும் செய்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. அம்மா வேறு யாரிடமாவது கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

லூசியஸுக்கு முடி வெட்டிவிடும் ஐசாயா பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். தெற்கே ஒரு பண்ணையில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர். பத்து வருஷமாக எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்தார். தப்பியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று செப்டம்பரில் புதுச் சட்டம் வந்ததே, அதற்குப் பிறகு அவர் கண் எந்நேரமும் வாசலிலேயே இருந்தது. போன மாதம் பெண்டாட்டி பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். கடைக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் போனார்.

நன்றித் திருநாள் அன்று லூசியஸ் இதைத்தான் பிரசங்கித்தார். அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டேன், உங்களையும் கீழ்ப்படிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் என்றார். முன் வரிசையில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெற்கத்திப் பஞ்சு வந்தால்தான் அவர்கள் ஆலை ஓடும். இந்த வாரம் சபைக் குழு எங்கள் வீட்டுக்கே வந்தது. தேநீர் குடித்தார்கள், ரூத்தைக் கொஞ்சினார்கள். பிறகு ஹாஸ்கெட் என்ற ஆலை முதலாளி, "கிறிஸ்துமஸ் அன்னைக்காவது மனசுக்கு இதமா நாலு வார்த்தை சொல்லுங்களேன். குழந்தைங்க, சமாதானம், இந்த மாதிரி" என்றார். லூசியஸ், "தங்க இடமில்லாம தொழுவத்துல பிறந்த குழந்தையைப் பத்தித்தானே? அதைத்தான் சொல்லப்போறேன். கதவைச் சாத்தினது யாருன்னும் சொல்வேன்" என்றார். அவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் வேறொருவர் பிரசங்கம் செய்கிறார். புத்தாண்டோடு லூசியஸுக்கு அங்கே வேலையும் இல்லை. எங்கள் ஆட்களைச் சுதந்திரமாக யோசிப்பவர்கள் என்று உங்களிடம் எத்தனை முறை பெருமை அடித்திருக்கிறேன்! இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. இந்த வருஷம் மரம் வைப்போமா என்றே தெரியவில்லை. வைக்க மனசில்லை.

உங்களிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை. சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

கெசியா

•

டன்வெல்,
டிசம்பர் 17, 1850

அன்பு மகள் கெசியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா அழுதாள். நான் விறகு பிளந்தேன். இந்தக் குளிர்காலத்துக்கு இனி விறகுக்குக் குறையில்லை.

உங்கள் தாராள மனசுக்காரர்கள் பெரிய ஆட்கள்தான். கடவுள் மூவரா ஒருவரா என்று சந்தேகப்பட விடுகிறார்கள், பஞ்சு விலையைப் பற்றி மட்டும் சந்தேகப்பட விடமாட்டார்கள். உன் போதகர் திரித்துவத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் தப்பு, அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் ஆளைத் திருடுவது பாவம் என்று வேதத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதைச் சொன்னதற்காக ஒருவரை மேடையிலிருந்து இறக்குவதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் மன்றத்தில் குளிர்காலம் முழுக்கப் புதன்தோறும் யாராவது வந்து சொற்பொழிவு செய்வார்கள். போன வாரம் உருளைக்கிழங்கு நோய். 25ஆம் தேதி வருவதாக இருந்தவர் தேனீ வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர், காய்ச்சல் என்று எழுதிவிட்டார். ஏற்பாடு செய்வது நான்தான். உன் போதகர் வந்து அன்று சொல்ல நினைத்ததை இங்கே சொல்லட்டும். சபை மேடையை என்னால் தர முடியாது, தரவும் மாட்டேன். மன்றம் ஊருக்குச் சொந்தம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இதற்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் புதன்கிழமை. பன்றியை மறுநாளைக்குத் தள்ளியிருக்கிறேன். குளிர் இன்னும் இறுகவில்லை, இறைச்சி தாங்காது என்பதுதான் காரணம். "முற்றத்துல தண்ணி கல்லா உறைஞ்சு கிடக்கு, குளிர் போதலையாம்!" என்று உன் அம்மா பூனையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரயிலடிக்குப் பனிவண்டி கொண்டுவருகிறேன். குழந்தைக்குக் கம்பளி போதுமான அளவு சுற்று.

எஃப்ராயீம் லாத்ரப்
டீக்கன்

•

பாஸ்டன்,
டிசம்பர் 28, 1850

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். வந்ததும் முதல் வேலையாக மரத்தைக் கூடத்தில் நிறுத்திவிட்டோம். ரூத் வழியெல்லாம், "தாத்தா பன்னி என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்லவேளை, வியாழக்கிழமை விடிகாலையிலேயே ரயில் ஏறிவிட்டோம்.

மன்றத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தேனீக்காக வந்தவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள் என்று லூசியஸ் பயந்துகொண்டிருந்தார். மாவு மில் சைலஸ் ஜன்னலைச் சுட்டிக்காட்டி, "டீக்கன், இதென்ன பச்சைக் கிளையெல்லாம் கட்டியிருக்கு?" என்று கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "காத்து வருது, அடைச்சிருக்கோம்" என்று அம்மாதான் கணீரென்று சொன்னார்கள். முந்தின நாளே தோட்டத்துக்குப் போய் வெட்டி வந்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாமல்.

லூசியஸ் ஐசாயாவைப் பற்றிப் பேசியபோது ஒரு இருமல்கூட இல்லை. அந்தக் கடைக் கண்ணாடி இன்னும் சுவரிலேயே இருக்கிறது, அதில் போய் நம் முகத்தைப் பார்ப்போம் என்றாரே, அப்போது நீங்கள் குனிந்துகொண்டீர்கள். நான் பார்த்தேன். கடைசியில் யாரோ பாட்டு எடுக்க, எல்லோரும் எழுந்து பாடியபோது நீங்களும் பாடினீர்கள். வழக்கம்போல சுருதி சேரவில்லை.

இங்கே நிலவரம் நாங்கள் பயந்ததைவிட நன்றாகவே இருக்கிறது. எங்களோடு இருபது குடும்பம் போல வெளியே வந்துவிட்டது. பாய்மரம் தைக்கிறவர் ஒருவர் கடை மாடியை ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தந்திருக்கிறார். தார் நாற்றம், நாற்காலியும் கிடையாது. லூசியஸ் பதினெட்டு வயசுப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு குறை. நீங்கள் எங்களை வீட்டில் தங்க வைத்தீர்கள், பனிவண்டியில் கொண்டுபோய் விட்டீர்கள். லூசியஸோடு மாட்டுக் கொட்டிலில் இரண்டு மணி நேரம் திரித்துவச் சண்டை போட்டீர்கள். ஆனால் ரயிலடியில், "எப்பப்பா எங்க வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டபோது குதிரைச் சேணத்தைச் சரிசெய்யப் போய்விட்டீர்கள். சேணத்தில் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக் கதவை எனக்குத் திறந்தீர்கள், சந்தோஷம். என் வீட்டுக் கதவும் கதவுதானே, அப்பா? அதற்குள் நீங்கள் வராதவரை, நான் தப்பு செய்தவள், நீங்கள் மன்னித்தவர் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

கெசியா

•

டன்வெல்,
ஜனவரி 14, 1851

என் கெசியாவுக்கு,

பதில் தாமதம். இங்கே கொஞ்சம் கலாட்டா.

நான் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டேனாம். சைலஸ் சபையில் புகார் கொடுத்தான். 25ஆம் தேதி, பச்சைக் கிளை, பிரசங்கம், பாட்டு, வெளியூர் விருந்தாளி என்று வரிசையாகச் சொன்னான். எனக்கே கேட்கக் கேட்கக் குற்றம் பெரிசாகத்தான் தெரிந்தது. நேற்று சபைக் கூட்டம் போட்டு விசாரித்தார்கள். என்னை. இதே கூட்டத்தில் எத்தனை பேரை நான் விசாரித்திருக்கிறேன்!

எங்கள் போதகர் நல்ல மனிதர். எனக்கு வழிவிடப் பார்த்தார். "டீக்கன், அது வாராவாரம் நடக்குற புதன்கிழமைச் சொற்பொழிவு, அவ்வளவுதானே? ஆமான்னு சொல்லிடுங்க, முடிஞ்சிடும்" என்றார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பொய்யும் இல்லை. அன்று புதன்கிழமைதான், பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இதமாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி உங்கள் வீட்டுக்கு வந்தார்களே, அவர்களும் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. குழந்தை, சமாதானம் எல்லாம் உண்மைதான். அதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளைக்கும் மேடை மிஞ்சியிருக்கும்.

நான் எழுந்து, "அது கிறிஸ்துமஸ்தான். கொண்டாடினேன். எனக்குப் பிடிச்சிருந்தது. தப்புன்னா எழுதிக்குங்க" என்றேன்.

சைலஸ் வாயைத் திறந்தான், மூட மறந்துவிட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா, "அப்பாடா!" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

டீக்கன் பதவி போயிற்று. மனந்திரும்பி வந்தால் வசந்தத்தில் திருப்பித் தருவார்களாம். எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். முப்பது வருஷம் உட்கார்ந்த இடம். "முன் பெஞ்சுல உக்காந்து தூங்குறதை ஊரே பார்த்துச்சு. இனிமே பின்னாடி உக்காந்து நிம்மதியாத் தூங்குங்க" என்கிறாள் உன் அம்மா. அவள்தான் நேற்றிலிருந்து பாடிக்கொண்டே வேலை செய்கிறாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். சேணத்தில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. நீ தப்பு செய்தவளும் இல்லை, நான் மன்னித்தவனும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வரும் சனிக்கிழமை ரயிலில் வருகிறோம். மறுநாள் அந்தத் தார் நாற்ற மாடிக்கும் வருவேன். திரித்துவத்தைப் பற்றி மாப்பிள்ளை ஏதாவது தப்பாகச் சொன்னால் இருமுவேன், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. நாற்காலி இல்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு பெஞ்சு அடித்து வைத்திருக்கிறேன், கூடவே வரும். மரம் காய்ந்து போயிருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதே, உன் அம்மா பார்க்க வேண்டுமாம்.

ரயிலடிக்கு மாப்பிள்ளையை வரச்சொல். எனக்கு உன் வீட்டுக்கு வழி தெரியாது.

அப்பா