மூன்று மணிக்குத் திரும்பும் காற்று

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மாமாவின் முட்டிவலியும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருமுனை ஐஸ் ஆலையில் பெரிய அம்மோனியா தொட்டி வைக்கப் போகிறார்களாம். அதன் சுற்றுச்சூழல் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நகராட்சியில் வைத்திருந்தார்கள். புரட்டினால், கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து! பெருமை தாங்காமல் அங்கிருந்த குமாஸ்தாவிடம், "இது எங்க தம்பி எழுதினது" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் படித்தேன்.

வாயு கசிந்தால் காற்று அதை ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்விடுமாம், வீடுகளுக்கு ஆபத்தில்லையாம். சலவைக் கடை வைத்திருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மூன்று மணிக்கு மேல் காற்று ஆலையிலிருந்து நேரே எங்கள் தெருவுக்குத்தான் வரும். வெள்ளைத் துணியில் ஆலை ஜெனரேட்டரின் கரி படியும் என்று இரண்டரைக்கே கொடியிலிருந்து எடுத்துவிடுவேன். நீ எந்த ஊர்க் காற்றைப் பார்த்து எழுதினாய்?

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் பொய் சொல்லி நான் என்றைக்குத் தப்பித்திருக்கிறேன்? அது உங்கள் ஊர்க் காற்றே இல்லை. போன வருடம் ஒரு துறைமுகத்துக்கு எழுதிய அறிக்கையிலிருந்து அந்தப் பக்கங்களை அப்படியே எடுத்துப் போட்டேன். நில எண்ணை மட்டும் பார்த்ததில், உன் தெரு என்றுகூட உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். "யாரு இதையெல்லாம் படிக்கப் போறா? பேசாம இரு" என்றார். பத்தொன்பதாம் தேதி உங்கள் ஊரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்; அறிக்கைக்கு விளக்கம் சொல்ல நான்தான் வரவேண்டும். அங்கே வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

வேலை போனால் இங்கே இஸ்திரி போட ஆள் தேவைப்படுகிறது. ஆனால் இந்தத் தெருவில் எண்பது வீடு இருக்கிறது, ராஜா. கூட்டத்தில் நான் எழுந்து கேட்கத்தான் போகிறேன். அக்காவாயிற்றே என்று பார்க்காமல் பதில் சொல்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

"அறிக்கையில இருக்கற காத்து தப்பு, இந்தம்மா சொல்றதுதான் சரி" என்று மைக்கில் சொன்னபோது நான் உன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? நீ எல்லாருக்கும் முன்னால் மூக்கைச் சிந்தியது எனக்குத் தெரிந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு வந்துவிட்டது. உங்கள் தெருவிலேயே ஒரு முழு வருடம் காற்றை அளந்து, புது அறிக்கை தரவேண்டும். அதுவரை தொட்டி வரக்கூடாது. என்னோடு பத்து நாளாகப் பேசாத முதலாளி அதைப் படித்துவிட்டு, "கெடுத்தது நீதானே, நீயே போய் அள" என்று கருவியை என் மேசையில் வைத்துவிட்டார்.

ஆகவே திங்கட்கிழமை வருகிறேன். கருவிக்கு உன் மொட்டை மாடி போதும், எனக்கு மாடி அறை. முழுசாக ஒரு வருடம், அக்கா! மாமாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்.

உன் தம்பி